ஏறலாமா என்று கேட்கிறவர்

தேநீரை அரைக் கோப்பைக்கு மேல் அவர் ஊற்றுவதில்லை. முழுதாக ஊற்றினால் கப்பல் ஆடும்போது சிந்திவிடும் அல்லவா? கப்பலை விட்டு இறங்கி ஐம்பது வருஷமாகிவிட்டது. சாப்பாட்டு மேஜை ஒருநாளும் ஆடியதில்லை. "வீடு எங்கேயும் போயிடாதுங்க, முழுசா ஊத்திக்குங்க" என்பாள் மனைவி. "போகாதுன்னு உனக்கு யாரு சொன்னா?" என்றபடி அரையைக் குடித்துவிட்டு இன்னொரு அரை ஊற்றிக்கொள்வார்.

துறைமுகத்தில் எல்லோருக்கும் அவர் கப்பல்காரர். வயது எண்பத்து மூன்று. பதினெட்டில் கடற்படையில் சேர்ந்து, பதினைந்து வருஷம் கப்பலின் அடிவயிற்றில், இயந்திர அறையில் வெந்தார். "நான் கடலையே பாத்துக்கிட்டு இருந்தேன்னு ஊரே நினைக்குது. நான் பாத்ததெல்லாம் குழாயும் எண்ணெயும்தான்." அந்த ஏக்கத்தில்தான் வெளியே வந்த கையோடு ஒரு மீன்பிடிப் படகு வாங்கினார். பிறகு கடலை ஆசை தீரப் பார்த்தார். இயந்திரச் சத்தம் அவருடைய இடது காதை எடுத்துக்கொண்டுவிட்டது. அதற்காக வருத்தப்பட்டவர் இல்லை. புத்திமதி சொல்ல வருகிறவர்களை அந்தப் பக்கம் உட்கார வைத்துவிடுவார்.

கடற்படையில் அனுமதி கேட்காமல் யாரும் கப்பலில் கால் வைக்கக் கூடாது. அந்தச் சட்டத்தை அவர் படகுக்கும் கொண்டுவந்தார். சொந்தப் படகே ஆனாலும் "ஏறலாமா?" என்று கேட்டுத்தான் ஏறுவார். உள்ளே ஆளே இல்லையென்றாலும் கேட்டு, ஒரு கணம் நின்று, தானே தலையாட்டிக்கொண்டு ஏறுவார். மகள் சிறுமியாக இருந்தபோது ஒருநாள் கேட்காமல் குதித்து ஏறிவிட்டாள். அத்தனை பேர் முன்னாலும் அவளை இறக்கிவிட்டு, கேட்க வைத்துத்தான் ஏற்றினார். மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள். அந்த மகள்தான் இன்று படகை ஓட்டுகிறாள். கயிறு இழுத்துக் கை காய்த்துப்போன நடுவயதுக்காரி, அவருக்கு மட்டும் இன்னும் பாப்பா.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. யார் கையையும் பிடித்து ஏற மாட்டார். "கை குடுத்து ஏத்துறதுக்கு நான் என்ன ஐஸ் பெட்டியா?" போன மழைக்காலத்தில் மகள் நீட்டிய கையைத் தட்டிவிட்டுக் கால் வைத்தார். விளிம்பு வழுக்கியது. இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் அவர் கண் விழித்ததும் மகள் சொன்னது ஒன்றுதான்.

"இனிமே என் கையப் பிடிச்சாத்தான் ஏறலாம்பா."

நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து காலைதோறும் கைத்தடியோடு படகுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார்.

"ஏறலாமா?"

"கையப் பிடிச்சா ஏறலாம்."

வீம்புக்கு வீம்பு. பின்னே, யார் பெற்ற பெண்? அனுமதி கிடைக்காமல் ஏறவும் மாட்டார். சட்டம் அவர் போட்டதாயிற்றே. திரும்பிப் போய்ப் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து, நல்ல காதைக் கடல் பக்கம் திருப்பி, எஞ்சின் சத்தம் தேய்கிறவரை கேட்டுக்கொண்டிருப்பார். பார்க்கவே பாவமாக இருக்கும். கடலுக்குப் போகாமல் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சிரிப்பும் வரவில்லை. கரையிலேயே முடிந்துவிடுவோமோ என்ற பயம் அவருக்கு வந்துவிட்டது.

வீட்டில் ரகசியமாகப் பயிற்சி நடந்தது. நடைவழியில் செங்கல் வைத்து, மேலே பலகை போட்டு, தடியில்லாமல் நடந்து பழகினார். நன்றாகவே நடந்தார். மனைவியைப் பெருமையாகப் பார்த்தார்.

"காஞ்ச பலகையில யாரு வேணா நடப்பாங்க" என்று அவள் ஒரு குவளைத் தண்ணீரை அதன்மேல் கொட்டினாள்.

இரண்டடி வைப்பதற்குள் கால் வழுக்கியது. விழுந்திருப்பார். நல்லவேளை, மனைவியின் தோள் கைக்குக் கிடைத்தது. தரையில் இறங்கிய பிறகும் அந்தத் தோளை விட அவருக்கு மனம் வரவில்லை.

"என் தோளப் பிடிச்சீங்களே, மீசை உதிர்ந்தா போச்சு?" என்றாள் அவள்.

அவர் மீசையைத் தடவிப் பார்த்தார். இருந்தது.

மறுநாள் காலை படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மகள் விளிம்பில் குனிந்து நின்று, கரையிலிருந்து வந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக வாங்கி உள்ளே தள்ளினாள். கடைசிப் பெட்டியும் உள்ளே போனது. நிமிர்ந்தபோது அப்பா எதிரே நின்றார். கைத்தடி கக்கத்தில் இருந்தது.

"கேப்டன்" என்றார். அவளை அவர் அப்படி அழைத்ததே இல்லை. "இன்னும் ஒரு ஐஸ் பெட்டி பாக்கி இருக்கு. ஏத்தலாமா?"

கேட்டுவிட்டு, நரம்பு புடைத்த வலது கையை அவள் பக்கம் நீட்டினார்.