கீழே வைக்காத ஸ்பூன்

கருப்பாயிக்கு முழங்கால் தேய்ந்து ரொம்ப நாளாகிவிட்டது. ஜுமைராவில் ஒரு கொரியாக்காரர் வீட்டில் அவளுக்குச் சமையல் வேலை. பக்கத்து வில்லாவில் வேலைக்காரி நான். துபாய் முழுக்கக் கிரேன் நின்ற காலம் அது. அந்தச் சாருக்கும் கட்டடக் கம்பெனியில்தான் வேலை. நல்ல மனுஷர். ஆனால் அவள் பாஸ்போர்ட்டை அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். ஒரேயடியாக ஊருக்குப் போகிறேன் என்று அவள் கேட்டால், அடுத்த வருஷம் என்பார். வருஷா வருஷம் அதே பதில். நல்ல மனுஷருக்கு அவ்வளவுதான் நல்ல குணம்.

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. வயதில் மூத்தவர் ஸ்பூனை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடலாம். அவர் அதைக் கீழே வைக்கும் வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. சாரின் மாமனார் வந்திருந்தபோது, பல்லில்லாத கிழவர் மென்று முடிக்கும் வரை சார் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். கருப்பாயி சொல்லிச் சிரிப்பாள்.

பாஸ்போர்ட்டைப் பார்த்து அவளுக்கு அறுபது வயது என்று மேடம் கண்டுபிடித்தாள். அது ஏஜென்ட் வாய்க்கு வந்தபடி போட்ட தேதி. அவர்களுக்கு அறுபது பெரிய விசேஷமாம். நம் ஊரில் புருஷன் செத்தவளுக்கு எவன் அறுபது கொண்டாடுகிறான்? மேடம் தன் கையாலேயே அவர்கள் பிறந்தநாளுக்கு வைக்கும் கடல்பாசி சூப் வைத்து, அவளை மேசையில் உட்கார வைத்தாள். பாத்திரம் கழுவ நான் போயிருந்தேன்.

யாரும் சாப்பிடவில்லை. கருப்பாயியும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். வீட்டுக்காரர்களுக்கு முன்னால் எந்த வேலைக்காரி கை நனைப்பாள்? அவர்களோ அவள் முகத்தையே பார்த்தார்கள். சூப்பில் ஆவி அடங்கிவிட்டது.

"என்னக்கா, எல்லாரும் மொறைக்கிறாக? நான் ஏதும் தப்புப் பண்ணிட்டனா?" என்று என் பக்கம் திரும்பினாள்.

"அடி கூறுகெட்டவளே, இன்னைக்கு நீதான்டி மூத்த ஆளு. எடுத்துக் குடி. பாவம், பசியில கெடக்குறாக."

எடுத்தாள். எல்லாரும் சாப்பிட்டார்கள். சார்தான் முதலில் முடித்தார். அவருக்கு சைட்டில் மீட்டிங். வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான். கருப்பாயி கையிலிருந்த ஸ்பூனைப் பார்த்தாள். சாரைப் பார்த்தாள்.

"சார், பாஸ்போர்ட் குடுங்க. ஊருக்குப் போறேன். கலாஸ், முடிஞ்சுபோச்சு."

"நெக்ஸ்ட் இயர், கருப்பாயி."

"அச்சா சார்."

அரை ஸ்பூன் சூப்பை மொண்டு ஊதினாள். ஆறிப்போன சூப்பை ஊதினாள்!

மறுபடியும் ஹாரன். "யல்லா, ஃபினிஷ்" என்று அவசரப்படுத்தினார் சார்.

"மாஃபி ஃபினிஷ் சார், இன்னும் முடியல. வயசாச்சுல்ல."

மேடம் புருஷனிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள், சிரிக்காமல். சாரால் எழுந்திருக்க முடியாதே. அலமாரிச் சாவியை என்னிடம் நீட்டினார். நான் எடுத்து வந்த பாஸ்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். சார் ஓடினார்.

"எந்திரிடி, போதும்" என்றேன்.

"செத்த நேரம் இருக்கேன்க்கா. இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். காலு வலிக்குது."

இருக்கட்டும் என்று விட்டேன். எல்லாப் பாத்திரத்தையும் நானே கழுவினேன்.