விளிம்பில் பிடித்த பழுப்பு

வலது கை இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றியது. இடது கையிலிருந்த ஈரத் தூரிகை, கத்தி நுனியிலிருந்து வந்துகொண்டிருந்த மெழுகு நாடாவைத் தாங்கிக்கொண்டது. தலைமுடியைப் பிளந்தாலும் அந்த மெல்லிசு வராது. எதிரே யாராவது பெருமூச்சு விட்டால் போதும், நாடா சுருண்டு அவள் மூக்கில் வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் அந்த அறைக்குள் யார் நுழைந்தாலும் முதலில் காதில் விழுவது, "மூச்சு விடாதீங்க!" ஆய்வுக்கூடம் முழுக்க அவளுக்கு மூச்சக்கா என்றே பெயர்.

குடுவை கழுவும் வேலைக்கு வந்தவள். வெட்டும் இயந்திரம் சும்மா கிடக்கும் நேரங்களில் வெறும் மெழுகை வெட்டி வெட்டிக் கைபழகிக்கொண்டாள். மனித உடலில் எந்தப் புரதம் எந்த உறுப்பில் குடியிருக்கிறது என்று அங்கே ஒரு வரைபடம் தயாராகிறது. அதற்காக மெழுகில் புதைத்த ஈரலும் தசையும் நுரையீரலும் இப்போது அவள் கத்தி வழியாகத்தான் போகின்றன. பக்கத்து அறையில் சாயம் ஏற்றுவது அவள் நாத்தனார். ஆன்டிபாடி என்ற பொருள் கலந்த திரவத்தை ஒரு துளி விட்டால், அது தனக்குரிய புரதத்தை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்ளும். பிடித்த இடம் சாயத்தில் பழுப்பாகும், மற்றதெல்லாம் நீலமாகும்.

அன்றைய வம்பு அந்தப் பழுப்பில்தான். மூச்சுக்குழாயின் உட்புறத்து நுண்மயிர்களில் ஒரு புரதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நுண்மயிர் இருந்தது துண்டின் விளிம்பில். பழுப்பும் விளிம்பில்தான் ஏறியிருந்தது. ஆனால், சாயம் ஏற்றும் வேலைக்கு நடுவில் துண்டு காய்ந்துபோனாலும் விளிம்பில் அதே பழுப்பு வந்துவிடும்.

நுண்ணோக்கியில் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "நிஜமாவும் இருக்கலாம், காய்ஞ்சதாவும் இருக்கலாம். நம்பி வரைபடத்துல போட முடியாதும்மா."

அந்த ஆன்டிபாடியை இனி யாரும் தயாரிக்கப் போவதில்லை. குப்பியின் அடியில் ஒரே ஒரு துண்டுக்குத்தான் மிச்சம். அதுவும் வீணானால் வரைபடத்தில் அந்த இடம் வெறுமையாகவே நின்றுவிடும்.

"நீ போன்ல இளிச்சிட்டிருந்தப்ப காய்ஞ்சிருக்கும்டி" என்று மூச்சக்கா நாத்தனாரைச் சாடினாள்.

"ஏன் அண்ணி, நீங்க தடிமனா வெட்டியிருக்கக் கூடாதா? ஆபீஸ்ல காத்து மாதிரி வெட்டுறவ, வீட்ல வெங்காயத்தை விறகு மாதிரி பிளக்குறான்னு அண்ணன் புலம்புதே!"

"உங்கண்ணனை உரிச்சுக் கொடுக்கச் சொல்லு, காத்து மாதிரியே வெட்டித் தர்றேன்."

சிரித்துக்கொண்டே, மூச்சுக்குழாய் புதைந்திருந்த மெழுகுக் கட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏய், இங்க வா. குழாய் பிளந்து படுத்துக் கிடக்கு பாரு. அதான் உள்பக்கம் வெளிவிளிம்புல வந்து நிக்குது. இந்த முனையில மட்டும் பிளக்காம முழுக் குழாயா இருக்கு. நிமிர்த்தி வெச்சு வெட்டினா வளையமா வரும்."

"வந்தா?"

"நுண்மயிர் வளையத்துக்குள்ள போயிடும். காய்ஞ்சிருந்தா வெளிவிளிம்பு காட்டிக்கொடுத்துடும். வெளியில நீலம், உள்ள மட்டும் பழுப்புன்னா அது நிஜம்."

"நிமிர்த்தும்போது பிளந்துடுச்சுன்னா?"

"போச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து குடுவை கழுவலாம்."

டாக்டரிடம் போய்ச் சொன்னார்கள். அவர் கட்டியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "செஞ்சிடுங்க, நான் காத்திருக்கேன்" என்றார்.

மெழுகு உருகியது. சின்ன இடுக்கியால் துண்டை அலுங்காமல் நிமிர்த்தி, புது மெழுகு ஊற்றி, குளிர்தட்டில் இறுகவிட்டாள். மறுபடி சக்கரம் சுற்றியது. வெந்நீர்த் தொட்டியில் பொம்மைக்குப் போடுகிற வளையல் அளவுக்கு ஒரு முழு வட்டம் மிதந்தது. அதைக் கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி எடுத்தபோது, வழக்கத்துக்கு மாறாக அவளே மூச்சை அடக்கிக்கொண்டாள்.

நாத்தனார் போனை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினாள். சாவியை அண்ணி கையிலேயே கொடுத்தாள். சாயத்துக்கான ஆயத்தமெல்லாம் முடிந்ததும் பெட்டிக்குள் ஈரப் பஞ்சு பரப்பி, கடைசித் துளியை வளையத்தின் மேல் விட்டு மூடினாள். இருவரும் பால் பொங்கக் காத்திருப்பவர்களைப் போலப் பெட்டியை விட்டு நகரவில்லை. பிறகு கழுவல், சாயம், மறுபடி கழுவல்.

நாத்தனார்தான் முதலில் நுண்ணோக்கியில் குனிந்தாள். கண்ணை எடுக்காமல் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"என்னடி, சொல்லித் தொலையேன்!"

"நீங்களே பாருங்க அண்ணி."

வெளிவிளிம்பு முழுக்கத் துல்லியமான நீலம். உள்ளே, குழாயின் உட்சுவரைச் சுற்றி, புடவைக்கு ஓரம் அடித்ததுபோல மெல்லிய பழுப்புக் கோடு. நாத்தனார் அவளைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"விடுடி, ஸ்லைடு!"

டாக்டரின் அறைக் கதவு திறந்தே இருந்தது.

"வெளிவிளிம்பை முதல்ல பாருங்க, டாக்டர்" என்று சொல்லி, மூச்சக்கா ஸ்லைடை இரண்டு விரல்களால் ஓரத்தில் பிடித்து அவர் கையில் வைத்தாள்.