அப்பா காலி செய்த பள்ளத்தாக்கு

என் அப்பா சஹ்மின் பெங்குலு மலைக்காட்டில் முப்பது ஆண்டுகள் சோலைபாடிப் பறவைகளைப் பிடித்து விற்றவர். ஆண் பறவை பளபளக்கும் கறுப்பு, வயிறு செம்பழுப்பு, நீண்ட வால். பறக்கும்போது முதுகின் கீழே வெள்ளை தெரியும். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் பாடினால் சண்டைக்கு வந்துவிடும். அப்பா கூண்டுப் பறவையைப் பாடவிட்டு, பக்கத்துக் கிளையில் பலாப்பால் பசை தடவி வைப்பார். ஆண் பறவைகள் சந்தைக்குப் போயின. பெண் பறவைகள் மூங்கில் பொந்துகளில், சருகு பரப்பிய கூடுகளில் அடைகாத்தன. குஞ்சு பொரித்த பின் இரை தேட இரண்டு பறவைகள் வேண்டும். ஒன்றுதான் இருந்தது.

நுரையீரல் கெட்ட பிறகு அப்பாவிடம் ஒரே கேள்விதான்: அங்கே ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா?

நான் நீர்மின் நிலையத்தில் தொழில்நுட்ப வேலை பார்க்கிறேன். அந்தப் பள்ளத்தாக்கில் ஓடையோரம் நான்கு மரங்களில் ஒலிப்பதிவுக் கருவி கட்டினேன். பத்து நாட்கள் எதுவும் இல்லை. பதினோராம் நாள் விடியலில் ஒரு பாட்டு.

மறுநாள் அவரை மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனேன். ஓடை வரை நானூறு மீட்டர் நடை. ஏழு முறை நின்றார். பறவை பாடியது. அவர் சிரித்தார். கூடு கட்டும் பருவம், மூங்கில் பொந்துகளைப் பார் என்றார். எல்லாம் காலி.

பிறகு பாட்டு மாறியது. இடைவிடாத கீச்சொலி. பாட்டுப் போட்டிக்கு வளர்க்கும் பறவையின் பக்கத்தில் வேறு இனப் பறவைகளைக் கூண்டோடு தொங்கவிட்டு, அவற்றின் பாட்டைப் பழக்குவது எங்கள் ஊர் வழக்கம்.

"காட்டுப் பறவைக்கு லவ்பேர்ட்ஸ் பாட்டு யாரு சொல்லிக் குடுத்தா? இது கூண்டுலேர்ந்து தப்பிச்சது," என்றார்.

ஜோடி கிடைக்கலாம் என்றேன்.

"நான் மிச்சம் வச்சிருந்தாத்தானேடி?"

மாலையில் பக்கத்து வீட்டு பஹ்ரூன் வந்தான். இன்னும் பறவை பிடிப்பவன். "என்ன பெரியப்பா, பொண்ணோட மிஷின்ல கொசுவாச்சும் மாட்டுச்சா?"

அப்பா பொய் சொல்லியிருக்கலாம். ஓடையின் மூன்றாம் வளைவு, இடது கரை, மூங்கில் புதர் என்று துல்லியமாகச் சொன்னார். அவன் போனதும் நான் கத்தினேன்.

"சாகுற வரைக்கும் தனியாக் கூப்பிட்டுக்கிட்டே கெடக்கும்டி," என்றார். "கூண்டுலன்னா பக்கத்துல இன்னொண்ணாவது இருக்கும்."

பஹ்ரூன் மறுநாளே பிடித்துவிட்டான். காட்ட எடுத்துவந்தான். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பன்னிரண்டு நாளில் இறந்தார்.