வடக்குப் பிரிவின் இருமல் கச்சேரி

விடுதி விதிகள், பிரிவு ஏழு: சுவர்க் கசிவு பற்றிய முறைப்பாட்டுக்கு ஐந்து வேலைநாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். முறைப்பாடு செய்பவர் அந்த அறையில் குடியிருப்பவராக இருக்கவேண்டும்.

இரண்டாவது வசனத்தை நான் இரண்டு தரம் வாசித்தேன். மிசிசாகாவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதியே ஓய்வு பெற்றவன். ஓட்டைகள் எங்கே இருக்கும் என்று தெரியும். சிலவற்றை நானே போட்டிருக்கிறேன்.

பேத்தி படிக்கும் கல்லூரியின் நூலகத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டு மாணவர் பத்திரிகையைத் தட்டச்சு செய்யத் தொண்டர்களைத் தேடினார்கள். புதன்கிழமைகளில் போனேன். பழைய இதழ்களில் இப்படி எழுதியிருந்தார்கள்: சாப்பாட்டறை வெண்ணெய் நாறுகிறது. இடது கையுறை ஒன்று தொலைந்தது. எடுத்தவர் வலதையும் வந்து வாங்கிக்கொள்ளலாம். கணிதப் பேராசிரியர் பனியில் வழுக்கியதை வகுப்பே எழுந்து நின்று பாராட்டியது. பிறகு ஒரு துணுக்கு: ‘வடக்குப் பிரிவு மூன்றாம் மாடியில் இருமல் கச்சேரி ஆரம்பம். அனுமதி இலவசம்.’

பேத்தியின் விடுதி அறையும் அதே மாடியில்தான். அதே கட்டடம், மேலே புதுப் பூச்சு.

சரஸ்வதி பூசையன்று அழைத்தாள்.

“அம்மப்பா, அலுமாரிக்குப் பின்னாலை சுவர் முழுக்கக் கறுப்பு. கட்டிலும் ஈரம். நான் வீட்டை வரட்டே?”

“பொறு. வெளிக்கிட்டியெண்டால் முறைப்பாடு செல்லாது. படம் எடுத்து அனுப்பு. மிச்சம் நான் பாக்கிறன்.”

“ஓகே, பாஸ்.” சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

அவள் பெயரில், என் மின்னஞ்சலில் இருந்து, முறைப்பாடு போனது. ஐந்து வேலைநாட்கள் கழிந்தன. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை. நூலகத்தில், பழைய பத்திரிகையின் அடுத்த இதழில் கச்சேரிக்குப் புதிதாக இருவர் சேர்ந்திருந்தார்கள். அதற்கடுத்ததில், ‘ஒரு குரல் குறைகிறது, ஊருக்குப் போயிருக்கலாம்.’

மகள் விட்பியில் உள்ள தன் வீட்டிலிருந்து அழைத்தாள். “அப்பா, பிள்ளைக்குப் படியேற மூச்சு வாங்குதாம். நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்.”

“இன்னும் ரெண்டு நாள் பார். இப்ப விட்டால் எல்லாம் வீண்.”

“உங்கடை ஃபைலுக்கு ஒண்டும் வராதப்பா. பிள்ளைக்கு?”

இருந்தாலும் அவள் பொறுத்தாள். எங்கள் வீட்டில் கடுதாசி விஷயத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

அடுத்த புதன்கிழமை நூலகத்தில் பத்திரிகையின் பக்கத்தைத் திருப்பினேன். கறுப்புக் கரை போட்ட ஒரு கட்டம், உள்ளே மூன்றாம் மாடி மாணவர் இருவரின் பெயர்கள். அதற்குக் கீழே வெண்ணெய்ப் புகார் தொடர்ந்தது. எழுந்து வெளியே வந்து பேத்தியை அழைத்தேன். யாரோ ஓர் ஆண் எடுத்தார். ஆம்புலன்ஸ்காரர்.

விடுதி அலுவலகத்தின் பதிலைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று வாசித்தேன். ‘முறைப்பாடு செய்தவர் தற்போது அந்த அறையில் குடியிருக்காதபடியால், பிரிவு ஏழின்படி கோப்பு மூடப்படுகிறது.’ பிசகில்லாத வசனம். என் மேசையில் இருந்து போயிருந்தாலும் இப்படித்தான் போயிருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயந்திரம் அவளுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அன்று கார்த்திகை விளக்கீடு.