ஷீபாவின் காலை உபவாசம்

கர்த்தர் என் வீட்டுக்குச் செய்ததைச் சொல்ல வந்தேன். எனக்கு எழுத்து அதிகம் வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போன வருஷம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாச நாட்கள். என் மகள் ஷீபா அப்போது பதினொன்றாம் வகுப்பு. நான் களி கிளறி வைத்துவிட்டு, விடியுமுன் மல்லிகைத் தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போய்விடுவேன். திரும்பி வந்து பார்த்தால் உருண்டை அப்படியே இருக்கும்.

கேட்டேன். "உபவாசம்மா. பரிச்சை வருதில்ல" என்றாள்.

எனக்கு மனசு நிறைந்தது. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து, மகள் உபவாசம் இருப்பதைச் சாட்சியாகச் சொன்னேன். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். போதகர் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தார். ஈஸ்டர் முடிந்தது. பரீட்சையும் முடிந்தது. அதற்குப் பிறகும் அவள் காலையில் சாப்பிடவில்லை. வைராக்கியமான பிள்ளை என்று நினைத்தேன்.

பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிய மாதம், பாப்பாரப்பட்டி போகிற பஸ்ஸில் மயங்கி விழுந்தாள். தருமபுரி ஆஸ்பத்திரியில், ரத்தம் ரொம்பக் குறைவு என்றார்கள். எலும்பாகக் கிடந்தாள். இழந்துவிடுவேனோ என்று பயந்தேன்.

"காலைல என்னம்மா சாப்ட்டா?" என்று நர்ஸ் கேட்டார்.

"உபவாசம்ங்க. ஜெபிக்கற புள்ளைங்க" என்றேன்.

ஷீபா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான் ஜெபிக்கலம்மா. மெலியணும்னுதான் சாப்டல. நீ எல்லார்கிட்டயும் சொல்லிட்ட. அப்பறம் எப்படி நான் சாப்டறது?"

கட்டில் ஓரம் உட்கார்ந்து கேட்டேன். பள்ளிக்கூடத்தில் குண்டு என்று கேலி செய்தார்களாம். அது மட்டுமில்லை. ஒரு கல்யாண வீட்டில் என் நாத்தனார் அவளிடம், "என்னடி, நெல்லு மூட்டை கணக்கா ஆயிட்ட? உன்னத் தூக்க டிராக்டர்தான் வரணும்" என்றிருந்தாள்.

"அப்ப நீயும் சிரிச்சம்மா" என்றாள் மகள்.

சிரித்தேன். உண்மை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஜெபித்தேன். பெரிய வார்த்தை வரவில்லை. ஆண்டவரே, என் பெருமையை எடுத்துப்போடும். பிள்ளை ஒரு வாய் சாப்பிடட்டும். அவ்வளவுதான்.

வீடு வந்தோம். அப்போதும் மாத்திரை மட்டும்தான் விழுங்கினாள். அந்த வெள்ளிக்கிழமை அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் எழுந்தேன்.

"நான் சொன்ன சாட்சி தப்புங்க. புள்ள பட்டினி கெடந்தா. நான் அதப் பெருமையாப் பேசிட்டேன்."

யாரும் ஆமென் சொல்லவில்லை.

மறுநாள் தோட்டத்துக்குப் போகவில்லை. இரண்டு தட்டில் களி வைத்து எதிரில் உட்கார்ந்தேன். சாப்பிடு என்று சொல்லவில்லை. உள்ளுக்குள் அதே ஜெபம்தான். வெகுநேரம் தட்டையே பார்த்தாள். பிறகு ஒரு துண்டு கிள்ளி, கீரைக் கடைசலில் தோய்த்து விழுங்கினாள்.

"உப்பு பத்தலம்மா" என்றாள்.

என் ஜெபத்துக்குப் பதில் அப்படி வந்தது. அழுதேன்.

இப்போது ரத்தம் ஏறியிருக்கிறது. சில காலைகளில் இன்னும் தட்டைத் தள்ளுகிறாள். டாக்டரிடம் காட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அவள் சாப்பிட்ட பிறகுதான் நான் பூப்பறிக்கப் போகிறேன். நாத்தனாரிடமும் சொல்லிவிட்டேன்: "அண்ணி, எங்க வூட்டுல குண்டு, ஒல்லிங்கற பேச்சு வேணாங்க."

உங்கள் பிள்ளை சாப்பிடாமல் போனால், பக்தி என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கர்த்தரிடமும் கேளுங்கள். பேசத் தெரியாத எனக்கே செவி கொடுத்தார். உங்களுக்கும் கொடுப்பார்.