கடைசிக் கரிக்கோடு

அலுமாரியைத் திறந்ததும் பூச்சியுருண்டை மணத்தோடு என் பழைய கிளினிக் அட்டை கிடைத்தது. என் முதுகெலும்பு வளைந்திருப்பதை ஒன்பது வயதில் கண்டுபிடித்தார்கள். அன்று நெடுந்தீவுக்குத் திரும்பும் படகில் அம்மா சொன்னார்:

"வளர வளர நிமிர்ந்திடும், பிள்ளை."

ஒவ்வொரு பொங்கலுக்கும் குசினிக் கதவுநிலையில் என்னை நிறுத்தி, அடுப்புக்கரியால் தலைமட்டத்தில் கோடு கீறுவார். கோடு ஏற ஏற நான் துள்ளினேன்.

எங்கள் வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அட்டையில் எழுதியிருந்தது: 'வளர வளர வளைவு கூடும். வளர்ச்சிக்கேற்ப நீட்டக்கூடிய கம்பி வைத்துச் சத்திரசிகிச்சை தேவை. தாய் மறுத்துவிட்டார்.'

"டொக்டர் உங்களுக்குச் சொல்லேல்லையோ, அம்மா?"

"சொன்னவர்தான். முதுகு வெட்டின பெட்டையை ஆரடி கட்டுவான்?"

கதவுநிலையோடு ஒட்டி நின்றேன். வளைவு கூடிக் கூடி, பதினாறு வயதில் கீறிய கடைசிக் கோடு இன்று என் தலைக்கு மேலே இருக்கிறது.