பூங்காவில் ஓர் அத்தை

அந்த வருஷம் அப்பா தேயிலைக் கொழுந்து மூட்டையோடு மலைச்சரிவில் சறுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுக்கொண்டார். இனிப் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, அம்மா கொழும்பில் ஒரு வீட்டுக்குப் பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போனாள். பிள்ளைகுட்டி இல்லாதவள்தான் வேண்டும், அப்போதுதான் அடிக்கடி லீவு கேட்க மாட்டாள் என்றார்களாம் அந்த வீட்டில். தனக்கு யாரும் இல்லை என்று சொல்லித்தான் அம்மா சேர்ந்திருக்கிறாள். இதெல்லாம் நான் பின்னாளில் அறிந்தது. அப்போது எனக்கு எட்டு வயது. அம்மா பல மாதமாக வீட்டில் இல்லை என்பது மட்டும்தான் தெரியும்.

ஆகஸ்ட் லீவில் அப்பா என்னை வட்டகொடையில் ரயில் ஏற்றினார். எங்கே போகிறோம் என்று கேட்டேன்.

"கொழும்புல பார்க் பாக்கப் போறோம். அம்மாவும் அங்க வருவாங்க" என்றார்.

அதுவரை நான் பார்த்திருந்த ஒரே பூந்தோட்டம் எங்கள் எஸ்டேட் துரை பங்களாவில் இருந்தது. அதையும் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறேன். கொழும்புப் பூங்காவிலோ யார் யாரோ புல்லில் காலை நீட்டிப் படுத்திருந்தார்கள். எவரும் விரட்டவில்லை. இருந்தாலும் நான் சிமெந்துப் பாதையை விட்டு இறங்கவில்லை. அப்பா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து இடுப்பைத் தடவியபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு அம்மா வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று வயதுச் சிங்களப் பையன் ஒருவன் நடந்து வந்தான். நான் ஓடினேன். அம்மா குனிந்து என் காதோடு சொன்னாள்.

"அம்மான்னு கூப்பிட்டுறாத பாப்பா. அத்தைன்னு கூப்பிடு. இந்தச் சின்னவரு வீட்டுல போயி எல்லாத்தையும் சொல்லிருவாரு."

எனக்கு அது நல்ல விளையாட்டாகப் பட்டது. அத்தை, அத்தை என்று தேவைக்கு மேலேயே கூப்பிட்டேன். அம்மா என்னை முன்னால் உட்காரவைத்து, பின்னலை அவிழ்த்து, விரலாலேயே சிக்கெடுத்துப் புதிதாகப் பின்னிவிட்டாள். ஒரு தடவை பின்னியதை மறுபடி அவிழ்த்துப் பின்னினாள். அப்பா பக்கத்துப் பெஞ்சில் யாரோ போல உட்கார்ந்திருந்தார். இருவரும் முகம் பாராமலே பேசிக்கொண்டார்கள்.

"இடுப்பு எப்படி?"

"பரவால்ல. நீ சாப்புடுறியா?"

பையன் என்னை அக்கா என்றான். அந்தச் சொல் அவனுக்கும் எனக்கும் பொதுவாக இருந்ததால் உடனே கூட்டாளிகளாகிவிட்டோம். ஓடிப்பிடித்து விளையாடியபோது அவன் குளத்தை நோக்கி ஓடினான். விளிம்பில் எட்டி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இருவருமாகக் கல்லில் விழுந்தோம். என் முழங்கால் கிழிந்து ரத்தம் வந்தது.

"அம்மா" என்று கத்திவிட்டேன்.

அம்மா ஓடி வந்தாள். அவன் அழுதுகொண்டு கையை நீட்டினான். அவள் அவனைத் தாண்டி வந்து என்னைத்தான் முதலில் தூக்கினாள். முந்தானையால் என் காலை அழுத்தியபடி, "ஒண்ணுமில்லடி, அம்மா இருக்கேன்ல" என்றாள். அந்த வலியிலும் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொல்லி முடியாது.

பையன் அழுகையை நிறுத்தி எங்களைப் பார்த்தான். "அக்காகே அம்மா" என்றான். அக்காவின் அம்மா. சிங்களத்திலும் அம்மா அம்மாதான். வாசல் வரைக்கும் அதையே பாட்டுப் போலச் சொல்லிக்கொண்டு போனான். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து அம்மா துணிப் பையோடு எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். லீவா என்று கேட்டேன். "இல்ல, இனி இங்கதான்" என்றாள். நான் வரிசையில் இருந்த அத்தனை வீட்டுக்கும் ஓடி, அம்மாவை நான்தான் கொழும்பிலிருந்து கூட்டிவந்தேன் என்று சொன்னேன். பக்கத்துக் காம்பராப் பெரியம்மா சிரித்துக்கொண்டே வந்து, நிஜந்தானா என்று அம்மாவைக் கேட்டாள்.

அம்மா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஆமாக்கா. இவதான் என்னையக் கூட்டிட்டு வந்தா."

அப்பா எழுந்து வெளியே போனார். விறகு எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடுப்படியில் விறகு நிறையவே இருந்தது.